மஞ்சள் நுனி டேப்பும் லோட்டேயின் மூச்சும்

ரெக்கார்டு கம்பெனித் தொழிலில் ஒரு வசதி உண்டு: பாட்டு நன்றாக ஓடினால் பாடியவரைப் புகழ்வார்கள், ஓடாவிட்டால் மட்டும்தான் நம்மைத் தேடுவார்கள்.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் வெந்தவர்கள், நாடக மேடையில் திரை இழுத்தவர்கள், மேலதிகாரி கைதட்டல் வாங்கிய உரையை எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நம் ஆட்கள்தான். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் படித்தாலும் குற்றமில்லை.

பி.இ. படித்த பயன்

அறுபதுகளின் பிற்பகுதியில் நான் திருச்சியிலிருந்து பிராங்பேர்ட் வந்தது டேப் ரெக்கார்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற. அங்கிருந்து ஒரு நாள், பழுதான மெஷினைப் பார்த்துவிட்டு வரும்படி ஊருக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள். முன்பு பேக்கரியாக இருந்த கட்டடம். மழைக்காலத்தில் சுவரிலிருந்து ரொட்டி வாசனை வரும். அதை நடத்தியவர் ஹெர் ஃபோகெல்; ஹெர் என்றால் நம் ஊர் 'திரு'. அவரைத் தயாரிப்பாளர் என்பார்கள். நம் ஊர்ச் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். இவர் அப்படி இல்லை. எந்தப் பாட்டை யார் பாடுவது, எந்தக் கருவி எங்கே நுழைவது, எது வேண்டாம் என்று முடிவு செய்கிறவர். பணம் ஹம்பர்க் தலைமை அலுவலகத்தில் இருந்தது. பணம் இருந்த இடத்தில் அபிப்பிராயமும் இருந்தது.

நாங்கள் செய்தது கண்ட்ரி இசை. ஊரைச் சுற்றி அமெரிக்க ராணுவ முகாம்கள் இருந்தன. சிப்பாய்களோடு அவர்கள் நாட்டுப்புறப் பாட்டும் வந்து இறங்கிவிட்டது. லாரி, ரயில், பிரிவு, குடி, மறுபடியும் லாரி. அதை ஜெர்மன் மொழியில் எழுதி, ஜெர்மன் லாரிக்காரர்கள் வாங்கும்படி செய்ய வேண்டும். மெஷினைச் சரிசெய்த கையோடு ஃபோகெல் என்னைப் பிடித்துக்கொண்டார். பயிற்சி முடிந்ததும் அங்கேயே சேர்ந்துவிட்டேன். என் அறைத் தோழன் சாமுவேல், நாகர்கோவில்காரன், பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி. விஷயத்தைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அமெரிக்கன் பாட்டு, ஜெர்மன்ல பாடுறாங்க, ரெக்கார்டு பண்றது திருச்சிக்காரன். இதுல யார் யாரை ஏமாத்துறீங்க?"

டீசல் பரீட்சை

ஃபோகெலுக்கு எங்கள் ஸ்டுடியோவின் பெரிய ஒலிபெருக்கிகள் மேல் நம்பிக்கை கிடையாது. "அதுல எல்லாமே நல்லாத்தான் கேக்கும்" என்பார். எங்கிருந்தோ ஒரு பழைய லாரியின் ரேடியோ ஒலிபெருக்கியைக் கழற்றி வந்து எங்கள் கருவிகளோடு இணைக்கச் சொன்னார். அது போதாதென்று, ஓடும் லாரிக்குள் என்னை மைக்கோடு உட்காரவைத்து, எஞ்சின் இரைச்சலைப் பதிவு செய்துவரச் சொன்னார். புதுப்பாட்டு எது முடிந்தாலும் அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பாட்டு, பக்கத்தில் இன்னொன்றில் எஞ்சின். இரைச்சலைத் தாண்டி வார்த்தை புரிந்தால் பாட்டு பாஸ். புரியாவிட்டால் பாடகர் மறுபடி வர வேண்டும்.

நம்புங்கள், எத்தனையோ பேர் பெரிய இசைக்குழு வைத்துச் செய்த பாட்டுகள் அந்த டீசலில் மூழ்கிப்போயின. ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும் இருந்தவை நீந்திக் கரையேறின. ஒருமுறை பியர் பெட்டி இறக்க வந்த லாரி டிரைவரையே உட்காரவைத்துக் கருத்துக் கேட்டார் ஃபோகெல். மனிதர் கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, பாட்டு முடியும்வரை கவனமாகக் கேட்டார். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த எஞ்சினை ஒரு மெக்கானிக்கிட்ட காட்டுங்க."

முதுகைக் காட்டியவர்

லோட்டே வந்தது ஹம் ஊரிலிருந்து. நாற்பதைத் தாண்டியவர், அங்கே நிலக்கரிச் சுரங்கத்தின் கேன்டீனில் சமையல். சுரங்கத் தொழிலாளர் விழா ஒன்றில் அவர் பாடியதைக் கேட்ட யாரோ ஃபோகெலிடம் சொல்லியிருக்கிறார்கள். ரயிலேறி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மைக் முன்னால் நின்றார். ஃபோகெல் தன் வழக்கப்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி.

முதலில் எதற்கு வந்தார் என்பதை லோட்டே நேராகச் சொல்லிவிட்டார். கணவர் ஹைன்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் தூசி ஏறியவர். மாடிப்படி ஏற முடியாது. இவர் கேன்டீனுக்குப் போய்விட்டால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. "நீ சமையல்கட்டுல பாடுற மாதிரியே ஒரு ரெக்கார்டு இருந்தா, நீ இல்லாதப்ப போட்டுக் கேப்பேன்" என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். டாக்டர்கள் அவரைப் பற்றி நல்லபடியாக எதுவும் சொல்லவில்லை. அதனால் சீக்கிரம் வேண்டும்.

பாடினார். வேலை முடிந்து வரும் கணவனுக்காகச் சமையலறை விளக்கை அணைக்காமல் வைத்திருக்கும் பெண்ணின் பாட்டு. பெரிய அண்டாவைத் தூக்கப் போகிறவர் போல ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நன்றாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு குரல் சிரமமே இல்லாமல் வரும். ஃபோகெல் திரும்பவே இல்லை. அழுதுகொண்டிருந்தார் என்பது அவர் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். லோட்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என் வீட்டுக்காரர் கோபம் வந்தாத்தான் முதுகைக் காட்டுவாரு. நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

மூச்சுத் திருடன்

ஹம்பர்க்கிலிருந்து டாக்டர் ஸைலர் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வேறொரு பெரிய ரெக்கார்டு கம்பெனியிலிருந்து அப்போதுதான் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு மாறியிருந்தார். எங்கள் கண்ட்ரி பிரிவை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவு செய்வது அவர் வேலை. லோட்டேயின் பாட்டைக் கேட்டார். குரல் பிடித்தது, மற்றதெல்லாம் பிடிக்கவில்லை. வயலின்கள் வேண்டும், பின்னால் கோரஸ் வேண்டும், அமெரிக்காவிலேயே இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அது உண்மையும்கூட. அங்கும் எங்கள் ஜாதிக்காரர்கள் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு பண்ணை வீட்டுப் பாட்டுக்குப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதோடு இன்னொரு உத்தரவு: அந்த மூச்சுச் சத்தம் கூடாது. பாடகியின் குரலை ஏற்றி இறக்கும் கட்டை என் விரலடியில் இருந்தது. அவர் மூச்சு இழுக்கும் நேரம் பார்த்துக் கட்டையைக் கீழே இறக்கி, வார்த்தை தொடங்கும் நொடியில் மேலே ஏற்ற வேண்டும். கண் இமைத்தால் முதல் எழுத்து போய்விடும். நான் அதில் கெட்டிக்காரன். ஸ்டுடியோவில் எனக்கு மூச்சுத் திருடன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் லோட்டேயின் மூச்சைத் திருடுவது எனக்கு வருத்தமாக இருந்தது. அதை இறக்கியதும் அந்தப் பெண் சமையலறையை விட்டு வெளியே போய்விட்டது போலிருந்தது.

ஸைலரைத் திட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். காபிக்குப் பதில் வெந்நீர்தான் குடிப்பார், சட்டைப்பையில் எப்போதும் வயிற்று மாத்திரை. அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். அவர் தொலைபேசியில் வந்தால் இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். மூச்சை விட்டுவிடலாமே என்று ஃபோகெல் கெஞ்சியபோது அந்த மனிதர் கோபப்படவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்: "மூச்சு விடுறதை ஜனங்க வீட்டுலயே இலவசமா கேக்கலாமே, ஹெர் ஃபோகெல்."

யாரோட கல்யாணம்?

ஸ்டீல் கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிப்பார்களே, எங்களுக்கு அதை வாசித்தவர் ஏர்ல். அமெரிக்க முகாமில் சமையல்காரச் சார்ஜென்ட். விடுமுறையில் எங்களிடம் வருவார். லோட்டேயும் அவரும் பேசிக்கொள்ளப் பொது மொழி கிடையாது. ஆனால் இருவரும் நூற்றுக்கணக்கான பேருக்கு உருளைக்கிழங்கு உரித்தவர்கள், கைச்சாடையிலேயே நன்றாகப் பேசிக்கொண்டார்கள். ஸைலர் கேட்ட வயலின்காரர்கள் வந்தார்கள். கோரஸுக்கு ஓபராவில் பாடும் பெண்மணிகள் வந்தார்கள். என் விரல் தன் திருட்டை முடித்தது. எல்லாம் கலந்ததும் கேட்டுப் பார்த்தோம். டீசல் பரீட்சை வைக்க ஃபோகெலுக்குத் துணிவு வரவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், கேட்க அழகாகத்தான் இருந்தது. ஏர்ல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டு முடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார். யாரோட கல்யாணம்?" என்றார். நாங்கள் சிரித்தோம், ஸைலர்கூடச் சிரித்தார். லோட்டே மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஏர்ல் சொன்னதும் புரியவில்லை, நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்பதும் புரியவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நல்லா இருக்குங்க. ஆனா இதைப் போட்டா, பாடுறது நான்னு ஹைன்ஸுக்குத் தெரியுமா?"

பச்சையும் மஞ்சளும்

இனி வருவதுதான் எங்கள் தொழிலுக்கே உரிய கூத்து. டேப் சுருள்களின் நுனியில் வண்ண நாடா ஒட்டுவோம். எங்கள் ஸ்டுடியோ வழக்கம்: பச்சை என்றால் முடிந்தது, தொழிற்சாலைக்குப் போகலாம். மஞ்சள் என்றால் முதல் கலவை, அலமாரியில் கிடக்கட்டும். பெட்டியின் மேல் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் மட்டும் எழுதுவோம், மீதியை நிறம் சொல்லிவிடும். ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணி வரை எல்லோருக்கும் இது தெரியும். அதனாலேயே வெளியாருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. லோட்டேயின் பாட்டில் வயலினும் கோரஸும் சேர்த்தது பச்சை நுனி. லோட்டேயும் ஏர்லும் கிட்டாரும் மூச்சும் மட்டும் இருந்தது மஞ்சள் நுனி.

ஸைலர் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகும் வழியில் தானே தொழிற்சாலையில் டேப்பைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு பெட்டிகளும் மேஜைமேல் இருந்தன. நாங்கள் எடுத்துக் கொடுப்பதற்குள் அவரே இரண்டையும் திறந்து, அனுபவசாலி தோரணையில் நுனிகளைப் பார்த்தார். பச்சையை மூடி வைத்தார். மஞ்சளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முன்பு இருந்த கம்பெனியில் முடிந்ததற்கு மஞ்சள் ஒட்டுவார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஃபோகெல் என்னைப் பார்த்தார். "சுப்ரா, எனக்குக் கொஞ்சம் காபி கொண்டு வா" என்றார். காபிக் கூஜா அவர் கைக்குப் பக்கத்திலேயே, நிறைய, ஆவி பறக்க இருந்தது. நான் எழுந்து வெளியே போய், நடைவழியில் சும்மா நின்றேன். திரும்பி வந்தபோது ஸைலரும் இல்லை, மஞ்சளும் இல்லை. விஷயம் தெரிந்தால் ஃபோகெலின் வேலை போகும், எங்கள் பிரிவும் போகும். ஃபோகெல் தானே காபி ஊற்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "தலைமை அலுவலகம் தன் கையாலேயே தேர்ந்தெடுத்திருக்கு. நாம யாரு குறுக்க பேச?"

நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர்

ரெக்கார்டு வெளிவந்தது. சாமுவேலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் ஆறுதலாக, என்னைத் திருச்சிக்கு அனுப்பிவைக்கும்போது என் கம்பளிக் கோட்டைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். ஸ்டுடியோவில் தொலைபேசி அடித்தாலே ஃபோகெல் சட்டைக் காலரைச் சரிசெய்வார். ஹம்பர்க்கிலிருந்து ஒரு பேச்சும் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு ஒரு காலை, முன்கூட்டிச் சொல்லாமல் ஸைலர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஸைலர் உட்கார்ந்தார். வெந்நீர் வேண்டாம், காபி இருந்தால் கொடுங்கள் என்றார். முதல் பிரதி தன் மேஜைக்கு வந்து, ஊசியை வைத்ததுமே தன் தவறு தெரிந்துவிட்டதாம். ராஜினாமாவை எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் மேலதிகாரியின் அறைக்குப் போயிருக்கிறார். அந்தப் பெரியவரோ பாட்டை இரண்டாம் முறையும் போடச் சொல்லிவிட்டு, "ஸைலர், வயலினையெல்லாம் தூக்கிப் போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று வியந்தாராம். லாரிக்காரர்கள் அதற்குள் ரேடியோ நிலையத்தில் அந்தப் பாட்டைக் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிரிவை மூடும் பேச்சே எழவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை, சும்மா தலையாட்டிட்டேன்" என்றார் ஸைலர். அவர் காது சிவந்திருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. பிறகு, எங்களைப் பார்க்காமல், உங்கள் ஸ்டுடியோ வழக்கத்தில் முடிந்ததற்கு எந்த நிறம் என்று கேட்டார். உண்மையைச் சொல்லி அந்த மனிதரை வாழ்நாள் முழுக்கத் தலைகுனிய வைத்திருக்கலாம். ஃபோகெல் அலமாரியைத் திறந்து, பச்சை நாடாச் சுருளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "மஞ்சள்தான், டாக்டர். எப்பவும் மஞ்சள்தான்."

ஹம்மில் ஒரு சமையலறை

லோட்டேக்குத் தர வேண்டிய பிரதிகளைத் தபாலில் அனுப்ப ஃபோகெலுக்கு மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் ரயிலேறிப் போனோம். ஹைன்ஸ் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பெரிய உருவம்; ஆனால் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நடுவில் நின்று நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. ரெக்கார்டின் உறையை இருமுறை திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் லோட்டேயின் படம். பின்பக்கம் கீழே, தயாரிப்பு: டாக்டர் ஸைலர். "உங்க பேரு எங்க?" என்று கேட்டார். அச்சில் இடம் போதவில்லை என்றார் ஃபோகெல்.

லோட்டே ஊசியை வைத்துவிட்டு, தன் குரலைத் தானே கேட்கக் கூச்சப்பட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஃபோகெல் தன் வழக்கத்தை இங்கும் விடவில்லை, ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஹைன்ஸின் முகத்தைப் பார்க்க நான் ஒருவன்தான் மிச்சம். ஏர்லின் கிட்டார் இழைந்தது. பாட்டு தொடங்குமுன் ரெக்கார்டிலிருந்து அந்த மூச்சு வந்தது, நான் திருடாமல் விட்டது. ஹைன்ஸின் மார்பும் கூடவே ஏறியது. அடுத்த அடி, அடுத்த மூச்சு, அவர் மறுபடியும். பாட்டு முடியும்வரை லோட்டே இழுத்த இடத்திலெல்லாம் இந்த மனிதரும் தன்னால் முடிந்த அளவு இழுத்தார். எனக்குக் கண் மறைத்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஹைன்ஸ்தான் முதலில் பேசினார், எங்களிடம் இல்லை, அடுப்புப் பக்கம் பார்த்து: "லோட்டே, நீ இனிமே கவலைப்படாம வேலைக்குப் போ. எனக்கும் சேர்த்து மூச்சு விட்டு வச்சிருக்கே."

பாட்டுத் தொழிலில் அத்தனை வருடம் பின்னால் நின்று நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு நல்ல ரெக்கார்டு வெளிவர, மேலே இருப்பவர் தவறான பெட்டியை நம்பிக்கையோடு எடுக்க வேண்டும், கீழே இருப்பவருக்குச் சரியான நேரத்தில் காபி தாகம் எடுக்க வேண்டும்.